இலை மீன் எப்போது வேட்டையாடும்?

கேள்வி: அமேசான் இலை மீன் ஒன்று வாங்கினேன். தலைகீழாகச் சாய்ந்து அசையாமல் நிற்கிறது, குருணைத் தீவனத்தைச் சீண்டுவதே இல்லை. நோயா? விட்ட கப்பி மீன் மட்டும் காணாமல் போகிறது. அது வேட்டையாடுவதைப் பார்க்க முடியுமா?

பதில்: நோயில்லை. தண்ணீரில் மிதந்து வரும் காய்ந்த இலையாக நடிப்பதுதான் அதன் பிழைப்பே. கீழ்த்தாடையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தசையைப் பாருங்கள். அச்சு அசலாக இலைக்காம்பு! உடல் அசைவதில்லை. ஆனால் கண்ணாடி போன்ற பக்கத் துடுப்புகள் இடைவிடாமல் துடித்துக்கொண்டே இருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் அது தெரியும்.

வேட்டையைப் பார்க்க, தொட்டி விளக்கை அணைத்து அறை வெளிச்சத்தில் அரைமணி நேரம் விடுங்கள். பிறகு 2 செ.மீ. கப்பி இரண்டை எதிர்மூலையில் மெதுவாக விடுங்கள். இலை மீன் அங்குலம் அங்குலமாக நகர்ந்து வரும். நெருங்கியதும் வாய் குழாய்போல முன்னால் நீண்டு இரையைத் தண்ணீரோடு உறிஞ்சிவிடும். கண்ணிமைக்கும் நேரம்தான், அதனால் செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள்.

பலர் சறுக்குவது ஃபில்டரில். நீரோட்டம் பலமாக இருந்தால் மீன் ஓரிடத்தில் நிற்கப் போராடி, வேட்டையையே விட்டுவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். வெப்பம் 25–28 டிகிரி, பி.எச். (அமில-கார அளவு) 6 அளவில் இருக்கட்டும். காய்ந்த நாட்டுப் பாதாம் இலை இரண்டு போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும், மீனும் பயம் தெளியும். கடையில் வாங்கிய கப்பியை அப்படியே விடாதீர்கள், நோய் தொற்றும். இரண்டு வாரம் தனித்தொட்டியில் நல்ல தீனி போட்டு வைத்திருந்து விடுங்கள்.