பழைய பிளேயர் பியானோவைப் பழுதுபார்க்கக் கற்பது எப்படி?

பிளேயர் பியானோ என்பது துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு தானாகவே வாசிக்கும் பியானோ. குன்னூர் வீட்டுப் பியானோவில் பெடலை மிதித்தால் காகிதச் சுருள் ஓடுகிறது, ஸ்வரம் மட்டும் எழவில்லை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

துருத்தியில் தொடங்குங்கள். இந்தக் கருவி காற்றை ஊதுவதில்லை, உறிஞ்சுகிறது. சுருளில் துளை வந்ததும் அந்த ஸ்வரத்துக்கான சின்னத் துருத்தி சுருங்கிச் சுத்தியலை இயக்கும். முழு அளவுக் கருவியில் அப்படி 88 துருத்திகள். ஒன்றைக் கழற்றி, அமுக்கி மூடி, அதன் காற்றுத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். சுலபமாகத் திறந்தால் ரப்பர் பூசிய துணி போய்விட்டது. புதுத் துணியை வஜ்ஜிரத்தால் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) மட்டும் ஒட்டுங்கள். நாளை இன்னொருவர் சூடு காட்டிப் பிரிக்கலாம். வெள்ளைப் பசை போட்டால் பிரிக்கும்போது மரமே பிய்ந்து வரும், தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம், குளிர் என்று கணப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒலிப்பலகை காய்ந்து வெடிக்கும்.