தலை பின்னும்போது கேளுங்கள்: ஊசி வேண்டாம் என்னும் மகளிடம் பேசுவது எப்படி?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்குப் பள்ளியில் ஒப்புதல் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் குழந்தை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு, போடவே மாட்டேன் என்கிறாள். என் மாமியாரும், "வயசுப் பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்கிறார். அவளுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?
- வாசகி, பாபநாசம்

பதில்: எடுத்துச் சொல்வதை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்பது முதலில் தெரிய வேண்டும். வாட்ஸ்அப் நிஜமான காரணமாகவே இருக்கலாம். ஆனால் வெளியே சொல்ல வசதியான காரணம் என்று அதைச் சொல்லிவிட்டு, வேறொன்றை மனசுக்குள் வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. எல்லார் முன்னாலும் மயங்கி விழுந்துவிட்டால்? யூனிஃபார்மின் இறுக்கமான கையைத் தோள் வரை எப்படிச் சுருட்டுவது? ஊசி போடுகிறவர் ஆணாக இருந்தால்? அன்றைக்குப் பார்த்துப் பீரியட்ஸ் வந்துவிட்டால்? இதில் ஒன்றுக்குக்கூடப் புற்றுநோய்ப் புள்ளிவிவரம் பதில் ஆகாது. (பீரியட்ஸ் நேரத்தில் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.)

எதிரே உட்கார வைத்துக் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். காலையில் தலை பின்னிவிடும்போது கேளுங்கள். அவள் முகம் உங்களுக்குத் தெரியாது, உங்கள் முகமும் அவளுக்குத் தெரியாது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது பெரிய சௌகரியம். "இந்த ஊசியில உனக்கு எதும்மா பயமா இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பின்னி முடிக்கும் வரை பேசாமல் இருங்கள். பாதியில் புகுந்து திருத்த வேண்டாம். அன்றைக்குப் பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, மறுநாள் வரும்.

மயக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வதந்தியில் பாதி அங்கேதான் பிறக்கிறது. எந்த ஊசியாக இருந்தாலும் இந்த வயதில் மயக்கம் வருவது சகஜம். பயத்தில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும், மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடி குறையும், பிள்ளை சரிந்துவிடும். படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடித்தால் சீக்கிரமே தெளிந்துவிடும். நம் பக்கத்துக் கிராமப் பிள்ளைகள் பலர் காலை மினி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு வாய் காபியோடு கிளம்பிவிடுகிறார்கள். பதினொரு மணிக்கு வராந்தாவில் வரிசை, வெறும் வயிறு, புழுக்கம். முன்னால் ஒருத்தி சரிந்தால் பின்னால் நிற்கிற இரண்டு பேருக்குக் கண் இருட்டும். சாயங்காலத்துக்குள், "ஊசி போட்டு மூணு பொண்ணு ஆஸ்பத்திரியில" என்று ஊரெல்லாம் பரவிவிடும். 2017இல் தட்டம்மை ரூபெல்லா முகாம் நடந்தபோது தமிழ்நாட்டில் இப்படி வாட்ஸ்அப் வதந்திகள் பரவித்தான் பெற்றோர் பின்வாங்கினார்கள், முகாமையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. அதனால் அன்று காலை நாலு இட்லி சாப்பிட வைத்து அனுப்புங்கள். உட்கார்ந்துதான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், முடிந்ததும் 15 நிமிடமாவது அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவளிடமே சொல்லிவையுங்கள்.

குழந்தை பிறக்காது என்ற பேச்சுக்கு, "எல்லாம் பொய்" என்று ஒரே அடியாக அடிக்காதீர்கள். அந்த ஆடியோவை அவளோடு உட்கார்ந்து கேளுங்கள். பேசுவது யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் விஷயத்துக்கு வாருங்கள். இந்தத் தடுப்பு மருந்தில் உயிருள்ள கிருமி கிடையாது. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் மேலோட்டுப் புரதத்தை மட்டும் தயாரித்துச் சேர்க்கிறார்கள், உள்ளே மரபணு இல்லை. மலட்டுத்தன்மை வருவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அந்தப் புற்றுநோய் வந்தால்தான் சிகிச்சைக்காகக் கர்ப்பப்பையையே எடுக்க நேரிடும். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் இந்த ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூடக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு சொன்னது. ஜப்பானில் பக்க விளைவு பற்றிய பயம் பரவி, 2013இல் அரசே இந்த ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. போட்டுக்கொள்வோர் எண்ணிக்கை அடியோடு விழுந்தது. பிறகு நாகோயா நகரில் ஏறத்தாழ 30,000 இளம்பெண்களிடம் விசாரித்துப் பார்த்ததில், போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அந்த அறிகுறிகளில் வித்தியாசம் தெரியவில்லை. 2022இல் அரசு மறுபடி பரிந்துரைக்கத் தொடங்கியது. நடுவில் போன ஒன்பது வருஷம் அந்தப் பெண்களுக்கு நஷ்டம்.

உங்கள் மாமியாரின் கேள்வி நியாயமானது, அதை ஒதுக்க வேண்டாம். இந்த வைரஸ் தாம்பத்திய உறவில் பரவுவது. அதற்குப் பல வருஷம் முன்பே பாதுகாப்பு உடம்பில் தயாராக இருக்க வேண்டும். விதைநேர்த்தியை விதைக்கிறதுக்கு முன்னால்தானே செய்கிறோம் என்று சொன்னால் அவருக்குச் சட்டென்று புரியும். மகளிடமும் பரவும் விதத்தை மறைக்காதீர்கள். "பெரியவளாகி, கல்யாணமாகி, உறவுன்னு வரும்போது ஒட்டக்கூடிய கிருமி, அதுக்கு இப்பவே போட்டுக்கிறோம்" என்றால் போதும். நீங்கள் மழுப்பினால் மீதியைக் கிளாஸில் தெரிந்துகொள்வாள். இந்த ஊசியால் பிள்ளைகள் தப்பு வழிக்குப் போவதில்லை என்பதையும் பல நாட்டு ஆய்வுகள் பார்த்துவிட்டன.

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். கை ஒன்றிரண்டு நாள் வலிக்கும், சிலருக்குக் காய்ச்சல், தலைவலி வரும். முன்பே சொல்லியிருந்தால் பயப்பட மாட்டாள். போன் வாங்கித் தருகிறேன் என்ற பேரமும் வேண்டாம். இது ஏதோ மோசமான காரியம், அதனால்தான் லஞ்சம் கொடுக்கிறார்கள் என்று நினைப்பாள்.

படிவத்தில் கையெழுத்து உங்களுடையது என்றாலும், மிரட்டிப் போட வைக்காதீர்கள். இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் என்ற தடுப்பூசிக்கு 15 வயதுக்குள் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. முதல் ஊசியை அழுதுகொண்டு போட்டவள் அடுத்ததற்கு வர மாட்டாள். (சில எச்.பி.வி. தடுப்பூசிகளுக்கு ஒரு தவணையும் போதுமானது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டது. உங்கள் பள்ளியில் எத்தனை என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) கிராம சுகாதாரச் செவிலியரிடம் அவளைத் தனியாகப் பேச விடுங்கள், நீங்கள் வெளியே இருங்கள். ஊசி போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா யாராவது இருந்தால் இன்னும் நல்லது.

முன்பு ஏதாவது ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தாலோ, அன்றைக்குக் கடும் காய்ச்சல் இருந்தாலோ செவிலியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் முகாம் அன்று அவள் தயங்கினால், கட்டாயப்படுத்தாமல் படிவத்தை வைத்துக்கொண்டு, விடுபட்டவர்களுக்கு எப்போது, எங்கே போடுவார்கள் என்று கேட்டு வையுங்கள். 15ஆவது பிறந்தநாளுக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது, அதைத் தாண்டினால் செர்வாவாக் மூன்று தவணை ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள், போனை அவளிடமே கொடுத்துப் பேசச் சொல்லுங்கள்.