அசோசியேஷன் சொன்னதுக்காக நாயைக் கொடுத்துடாதீங்க

சொந்த ஃபிளாட், ரெண்டு வயசு நாட்டு நாய், நீங்க ஆபீஸ் போனதும் குரைக்குது, 15 நாள்ல அனுப்பணும்னு அசோசியேஷன் கடிதம். இதானே சார் பிரச்சினை? முதல்ல பதறாதீங்க. பெரும்பான்மை ஓட்டுப் போட்டாக்கூட வளர்ப்பு நாயைத் தடை பண்ண அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லைன்னு விலங்கு நல வாரியத்தோட 2015 வழிகாட்டுதல் சொல்லுது. அதைப் பிரின்ட் எடுத்து, மாநகராட்சி உரிமம், வெறிநாய்க்கடி ஊசிச் சீட்டோட சேர்த்துச் செயலாளர்கிட்ட கொடுங்க. சண்டை மட்டும் வேண்டாம்.

ஆனா குரைக்கிறதை நிறுத்தாம சட்டம் பேசினா பக்கத்து வீட்டுக்காரர் மனசு மாறாது. எங்க மணியும் அப்படித்தான், சாவிச் சத்தம் கேட்டாலே ஊளை. சாவிச் சத்தம்னா நாங்க கிளம்பறோம்னு அது நினைக்காம இருக்க, நாள் முழுக்கச் சும்மாவே சாவியை எடுத்து ஆட்டிட்டு உட்கார்ந்துடுவேன் (வீட்ல பைத்தியம்னாங்க). அப்புறம் ஒரு நிமிஷம் வெளியே, மூணு நிமிஷம், பத்து நிமிஷம். கிளம்பறப்போ பழைய லுங்கியில வேகவைத்த எலும்பில்லாத கோழித்துண்டை முடிச்சுப் போட்டுக் கொடுப்பேன். அவிழ்க்கவே அரைமணி ஆகும். துணியைக் கடிச்சு விழுங்குற நாய்னா இது வேண்டாம். காலையில நல்லா நடக்க வைங்க. எங்களுக்கு ஒன்றரை மாசம் ஆச்சு. அதுவரை மதியம் யாராவது வந்து பார்த்துக்க முடியுமா?