தம்பிக்குத் தனி வீடு – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் அமர் சேவா சங்கம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். என் தம்பிக்கு 26 வயது. மூன்று வருடத்துக்கு முன்பு பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. வீல்சேர்தான். வீட்டிலிருந்தே டேலி படித்தான். இப்போது கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயே வீடு எடுத்துத் தனியாக இருக்கப் போகிறேன் என்கிறான். காலையும் மாலையும் ஒரு ஆள் வந்துபோனால் போதுமாம். அம்மா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. தனியாக இருப்பதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக்குச் சரி, நமக்கு ஒத்துவருமா? கூடப்பிறந்தவனைத் துரத்திவிட்டான் என்று ஊர் என்னைத்தானே பேசும்? ஆய்க்குடியிலோ வேறு எங்காவது நல்ல இல்லத்திலோ சேர்த்துவிட்டால் மாதாமாதம் பணம் கட்ட நான் தயார். ஒரு வழி சொல்லுங்கள்.

கி., தாராபுரம்

*

அன்புள்ள கி.,

முதலில் ஆய்க்குடி. நீங்கள் நினைப்பதுபோல் ஆளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற இடம் அல்ல அது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்குக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, சிறுநீர், மலம், தோல் எல்லாவற்றையும் தானே கவனித்துக்கொள்வது என்று பழக்கி, திரும்பவும் வாழ்க்கைக்குள் அனுப்பி வைப்பதுதான் அங்கே நடக்கிற வேலை. அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணனே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1975-ல் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் மரத்திலிருந்து விழுந்தார். 1981-ல் சங்கத்தை ஆரம்பித்தார். கையில் வேலையோடு இருக்கும் ஒருவரை அங்கே நிரந்தரமாகச் சேர்க்கப் போனால், கோவைக்கு எப்போது பஸ் என்று அவர்கள் கேட்டாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

வெள்ளைக்காரன் நாட்டுக்குச் சரி என்கிறீர்கள். அங்கேயும் யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. கலிஃபோர்னியாவில் எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர். 14 வயதில் போலியோ. ஒரு கையில் இரண்டு விரல் அசையும், காலில் சில விரல்கள் அசையும், அவ்வளவுதான். இரவில் இரும்பு நுரையீரல் என்கிற பெரிய உருளைக்குள் படுத்தால்தான் மூச்சு. பள்ளிப்படிப்பை முடித்த பிறகும், கார் ஓட்டப் பழகவில்லை, உடற்பயிற்சி வகுப்பு முடிக்கவில்லை என்று சான்றிதழைத் தராமல் இழுத்தடித்தார்கள். அவருடைய அம்மா சண்டை போட்டு வாங்கினார். மாநில மறுவாழ்வுத் துறையோ, இவரால் எந்தக் காலத்திலும் வேலை பார்க்க முடியாது என்று எழுதிவைத்தது. 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த உருளையின் கனத்தை விடுதித் தளம் தாங்காது என்பதால் வளாகத்து மருத்துவமனையில் தங்கிப் படித்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். 1972-ல் அவர்கள் ஊருக்குள் சுதந்திர வாழ்வு மையம் என்று ஒன்றைத் திறந்தார்கள். 1975-ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன், ராபர்ட்ஸை அதே மறுவாழ்வுத் துறைக்கே இயக்குநராக நியமித்தார். இந்த இடம் எனக்கு எப்போது படித்தாலும் இனிக்கும்.

ஆனால் எனக்கு அந்தப் பதவியைவிட முக்கியமாகப் படுவது அந்த மையத்தில் அன்றாடம் நடந்த வேலை. படி இல்லாத வாடகை வீடு எந்தெந்தத் தெருவில் இருக்கிறது, உதவியாளாக வர யார் யார் தயார் என்ற பட்டியல்கள். வீல்சேர் ரிப்பேர் செய்யும் பட்டறை. உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பித் தரும் ஒருவர். இதையெல்லாம் நடத்தியதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஊனமுற்றவர்களே. பத்து உதவியாளர்களை வேலைக்கு வைத்து, இரண்டு பேரை நிறுத்தியும் பார்த்த ஒருவர்தான் புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். ராபர்ட்ஸ் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டவரல்ல. எந்தச் சட்டை, எத்தனை மணிக்கு எழுவது, யார் போட்டுவிடுவது என்பதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் தம்பி கேட்பது இதுதான். அவர் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை.

நம் பக்கத்து ஆள் வேண்டுமென்றால் வேலூர் இருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட பிறகு, வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். சி.எம்.சி. என்கிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத்துக்குத் தனித் துறை உருவாக்கியவரும் அவர்தான். அவர் காலத்திலேயே 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையமும் வந்துவிட்டது. பெர்க்லி மையத்துக்கு ஆறு வருடம் முன்னால்.

சட்டமும் தம்பி பக்கம்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, மற்றவர்களைப் போலச் சமூகத்தில் வாழும் உரிமை அவருக்கு உண்டு என்கிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் தங்க வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தாதபடி அரசு பார்க்க வேண்டும், தனி உதவியாளர் கிடைக்கவும் முயல வேண்டும் என்கிறது. உதவியாளர் விஷயத்தில் நாம் இன்னும் அந்த முயற்சியிலேயே நிற்கிறோம். தமிழ்நாடு அரசு தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. வரவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பேட்டரி வீல்சேருக்கும் அங்கேதான் மனு. மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற சேவை மையங்களும் திறந்துவருகிறார்கள், அதையும் விசாரியுங்கள். ஆனால் 2,000 ரூபாய்க்குக் காலை மாலை வந்துபோக யாரும் கிடைக்க மாட்டார்கள். மேடையில் வீல்சேர் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ள ஆள் இருக்கும் அளவுக்கு, உதவியாளரின் சம்பளத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

ஆகவே அந்தச் சம்பளம் உங்கள் வீட்டுப் பணம்தான். மாதாமாதம் கட்டத் தயார் என்றீர்களே, அதைத் தம்பியின் கணக்கில் போடுங்கள். ஆளுக்குக் கூலி அவர் கையிலிருந்து போகட்டும். நீங்கள் தாராபுரத்திலிருந்து நேராக ஜிபே செய்தால் அந்த ஆள் உங்கள் ஆள் ஆகிவிடுவார். தம்பி எத்தனை மணிக்குக் குளித்தார், யார் வந்து போனார்கள் என்று உங்களுக்கு ரிப்போர்ட் வர ஆரம்பிக்கும். ஆளைப் பார்த்துப் பேசித் தேர்ந்தெடுப்பதும் தம்பியாகவே இருக்கட்டும். ஒருவரை மட்டும் நம்ப வேண்டாம். அவர் லீவு போட்டால் வர இன்னொருவர் கட்டாயம் வேண்டும்.

வீடு பார்க்கும் முன் ஆபீஸ் கழிப்பறையைப் பாருங்கள். தண்டுவடம் அடிபட்டவர்களில் பலர் நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தாங்களே டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்தாக வேண்டும். ஆபீஸில் அதற்கு வசதி இல்லையென்றால் என்ன செய்வார்கள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். பிறகு கல், தொற்று, காய்ச்சல், ஆஸ்பத்திரி. தனியாக இருந்ததால் வந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். வந்தது கழிப்பறையால்.

வீட்டுக்குப் போகும்போது அளவு டேப் கொண்டுபோங்கள். வாடகை வீடுகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி, நிலையும் கதவின் கனமும் போனால் இன்னும் குறையும். வீல்சேரின் மொத்த அகலம் சாதாரணமாக 25, 26 அங்குலம். விரல் நசுங்காமல் போக 32 அங்குலமாவது திறப்பு வேண்டும். வாசலில் அரையடிப் படி இருந்தால் சரிவுப் பலகை ஆறடி நீளம் வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. சிமெண்டைக் குவித்துச் செங்குத்தாக ஒரு சரிவு போட்டுத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள், பின்னால் மல்லாந்து விழுவார். இன்னொன்று, நானே சென்னையில் வீடு தேடியபோது என் காலில் மாட்டியிருக்கும் காலிப்பரைப் பார்த்துவிட்டு “கூட யார் இருப்பாங்க?” என்று கேட்காத வீட்டுக்காரர் இல்லை. கோவையிலும் கேட்பார்கள். அப்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.

பயப்பட வேண்டியது உண்மையில் படுக்கைப்புண்ணுக்கு. உணர்வில்லாத இடத்தில் புண் வந்தால் அவருக்கு வலிக்காது. கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கையூன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். ராத்திரி கண்ணாடி வைத்துப் பின்பக்கத் தோலைப் பார்க்க வேண்டும். சூடான பாத்திரத்தை மடியில் வைத்து நகரக் கூடாது. இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாத பாதியை டாக்டரைவிட, இதே அடிபட்டு ஐந்தாறு வருடம் வெளியில் வாழ்கிற ஒருவர்தான் சொல்லித்தர முடியும். தண்டுவடம் அடிபட்டவர்கள் நடத்துகிற வாட்ஸப் குழுக்கள் இருக்கின்றன. எந்த மெத்தை நல்லது, எந்த ஆட்டோக்காரர் வீல்சேரை மடித்து ஏற்றுவார் என்பது வரை அங்கே ஓடும். தம்பி ஏற்கெனவே அதில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இத்தனை தெளிவாகத் திட்டம் போட்டிருப்பதைப் பார்த்தால் இருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஊர் பேசும்தான். வீட்டிலேயே வைத்திருந்தால் ‘பாவம், அண்ணன் தலையில் விழுந்துவிட்டான்’ என்று பேசும். இல்லத்தில் சேர்த்தால் அதற்கும் ஒன்று வைத்திருக்கும்.

அம்மாவை முதல் மாதம் கோவையில் போய்த் தங்கச் சொல்லாதீர்கள். தங்கினால் அந்த உதவியாளர் வேலையைப் பழகவே மாட்டார், எல்லாவற்றையும் அம்மாவே செய்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போகட்டும். போவதற்கு முன் தம்பிக்குப் போன் செய்து, வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
அக்கா