உல்ட்டா, சீதா – ஒரு கடிதம்

அன்புள்ள மேடம்,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், நங்கநல்லூர்வாசி. மூன்று வருடமாக யூடியூப் பார்த்து ஸ்வெட்டர் பின்னுகிறேன். ஆண்பிள்ளை இதைச் செய்வதாவது என்று அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள். இதுவரை முழுதாக முடித்தது ஒரு மஃப்ளர், பாதியில் நிற்பவை ஆறு. டொராண்டோவில் என் பெண்ணுக்கு ஜனவரியில் பிரசவம். குழந்தைக்கு ஒன்று ஆரம்பிக்கலாம் என்றால், 'முதலில் இருக்கிற ஆறையும் முடியுங்கள்' என்கிறாள் மனைவி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரமே பல தலைமுறை மொட்டையாக நின்றுதானே முடிந்தது என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அக்ரிலிக் நூல் நல்லதா, கம்பளியா?

வி.

அன்புள்ள வி. சார்,

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அதற்கெல்லாம் பதில் எழுத எனக்கு நேரமில்லை. நூல் எதுவானாலும் மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரணக் கம்பளியை உங்கள் பெண் தூக்கக் கலக்கத்தில் ஒரு தடவை மெஷினில் போட்டால் சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும்.

ஆனால் அந்த கோபுரம் உதாரணம் எனக்கு எரிச்சலாக இருந்தது. 1987இல் அது 13 நிலையாக எழும்பி முடிந்தபோது அடியில் இருந்த கல் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. பின்னலில் அது நடக்காது சார். ஐப்பசியில் மழையைப் பார்த்துக்கொண்டு நிதானமாகப் பின்னிய கை வேறு, சித்திரை வேர்வையில் அதே நூலை எடுக்கும் கை வேறு. பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி விழுந்த இடத்தில் இப்போது 20 விழும், பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் 110 கண்ணி போட்ட முன்பக்கம் 50 சென்டிமீட்டர், அதே 110 போட்ட பின்பக்கம் 55. எப்படி இரண்டையும் சேர்த்துத் தைப்பீர்கள்? நூல் தீர்ந்து கடைக்குப் போனால் அதே நிறம்தான் கொடுப்பார்கள், லாட் நம்பர், அதாவது எந்தத் தடவை சாயம் போட்டது என்கிற நம்பர், வேறாக இருக்கும், வீட்டு ட்யூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்தது மொட்டைமாடி வெயிலில் பட்டை அடித்த மாதிரி நிற்கும். ஊசி நம்பராவது ஞாபகம் இருக்கிறதா? ஒன்றிலிருந்து ஊசியை உருவித்தான் அடுத்ததை ஆரம்பித்திருப்பீர்கள், இல்லையென்று சத்தியம் பண்ணுங்கள் பார்ப்போம். அதுவும் யூடியூபில் அமெரிக்கக்காரி 8 என்று சொல்வது 5 மில்லிமீட்டர், நம் ஊர்க் கடையில் பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8 என்றால் 4தான், 10 என்றால் 3.25. அந்தப் பழைய கணக்கில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். உங்கள் ஆறில் பாதி இதனால்தான் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் பரணிலிருந்து என் சித்தியின் பையை இறக்கியிருந்தேன். சித்தப்பாவுக்கு டெல்லியில் வேலை, கரோல்பாகில் குடித்தனம், பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் குளிர்கால வெயிலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதாம். மேற்கு மாம்பலத்துக்குத் திரும்பி வந்த பிறகும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து 'உல்ட்டா, சீதா, உல்ட்டா, சீதா' என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னுவார். சீதா என்பது யாரோ ஒருத்தி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்; ஹிந்தியில் சீதா என்றால் நேர்க் கண்ணி, உல்ட்டா என்றால் தலைகீழ்க் கண்ணி. சென்னைக் குளிருக்கு எதற்கு இத்தனை ஸ்வெட்டர் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் நூல் எப்போதும் ஒன்றேதான். எனக்குச் சின்னதாகிப்போன மெரூன் ஸ்வெட்டரைப் பிரித்து என் தம்பிக்குக் கையில்லாதது, அதையும் பிரித்து தாத்தாவுக்கு மார்கழி மஃப்ளர்.

பிரிக்கும் நாளில் நான்தான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எதிரே நிற்க வேண்டும். அவர் நுனியைப் பிடித்து இழுக்க, வரிவரியாகக் கண்ணிகள் டப்டப்பென்று அவிழ்ந்து வந்து என் கையில் சுற்றிக்கொள்ளும். இறுக்கப் பின்னிய தலையை அவிழ்த்த மாதிரி நூல் முழுக்க நெளிநெளியாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்து, கொடியில் போட்டு, கீழே ஒரு பித்தளைச் சொம்பைக் கட்டித் தொங்கவிடுவார். மறுநாள் நெளி போய்விடும். வருத்தப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு மாதம் ஊசியில் தூங்கியது என்றால் அடுத்த வாரம் சொம்பு வந்துவிடும்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன். பிரிக்கப் பயந்து ஆறையும் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, அதற்குக் கோபுரத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள். முடிக்க மாட்டோம் என்று தெரிந்ததைப் பிரிக்க ஒரு மத்தியானம் போதும் சார்.

அந்தப் பையில் அந்துருண்டை வாசனையோடு ஒரு கரும்பச்சை முன்பக்கம் இருந்தது, அக்குள் வரைக்கும் வந்திருக்கிறது, ஊசியில் 96 கண்ணி. யாருக்கென்று ஆரம்பித்தார் என்று கேட்க இப்போது ஆள் இல்லை. மேலே நான் பின்னினால் அந்த வரியிலிருந்து என் கை என்று பளிச்சென்று தெரியும், சித்தியின் கை அவ்வளவு இறுக்கம். உங்களுக்கு இத்தனை உபதேசம் செய்கிறேனே தவிர, இன்னும் பிரிக்கவில்லை. மேஜை மேல்தான் இருக்கிறது.

சரி, உங்கள் கேள்வி. குழந்தைக்கு இன்றைக்கே ஆரம்பியுங்கள், ஆறு மாத அளவில் போடுங்கள், பிறந்த குழந்தை அளவு சீக்கிரமே பத்தாமல் போய்விடும். நூல் ஒரு உருண்டை கூடுதலாக, அதே லாட்டில். ஊசி வேண்டுமே, அதற்கு அந்த ஆறில் மூன்றையாவது பிரியுங்கள். கை நீட்டி நிற்க உங்கள் மனைவியைக் கூப்பிடுங்கள். அவர் ஏதாவது சொல்லத்தான் செய்வார், ஆனால் இரண்டு கையிலும் நூல் சுற்றியிருக்கும்போது எழுந்து போக முடியாது.