நாவல் விதை ஏன் முளைக்கவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

'அமேசான் உலகின் நுரையீரல், 20 சதவீத ஆக்ஸிஜன் அங்கிருந்துதான் வருகிறது' என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். உண்மையா? இன்னொன்று. ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தை ஒட்டி ஒரு ஏக்கர் சும்மா கிடக்கிறது. காடாக்கலாமே என்று ஆடியில் நாவல் விதை பொறுக்கி, வெயிலில் காயவைத்து, டப்பாவில் போட்டு வைத்து, ஐப்பசி மழையில் விதைத்தோம். ஒன்றுகூட முளைக்கவில்லை.

முருகேசன், அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள முருகேசன்,

அந்த 20 சதவீதக் கணக்கு தப்பு. பகலில் இலைகள் விடும் ஆக்ஸிஜனை அந்த மரங்களின் சுவாசமும், சருகை மக்கவைக்கும் பூஞ்சையும் கரையானும் ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. வரவுக்குச் செலவு சரி. நாம் சுவாசிக்கும் 21 சதவீதம் பல கோடி ஆண்டுகளில் சேர்ந்தது.

மழைக்காடு முக்கியமாவது வேறு இரண்டால். ஒன்று, மரத்தில் கட்டிவைத்திருக்கும் கரிமம். எரித்தால் வெளியே வந்துவிடும். மற்றது தண்ணீர். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரம் மழையாக விழுகிறது, இலை வழியே மறுபடி ஆவியாகி மேற்கே போய் இன்னொரு தரம் விழுகிறது. பிரேசில் விஞ்ஞானி எனியாஸ் சலாட்டி 1970களில் மழைநீரின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களை) அளந்து இதைக் காட்டினார். கிழக்கே காட்டை வெட்டினால் மேற்கே மழை குறைவது இதனால்தான்.

உங்கள் விதைக்கும் இதில் சம்பந்தம் உண்டு. வருடம் முழுக்க மண் ஈரமாயிருக்கும் காட்டில் விதை காத்திருக்க வேண்டியதில்லை. விழுந்த கையோடு முளைக்கும். அதனால் உறக்கமில்லை, காய்ந்துபோவதைத் தாங்கும் சக்தியும் இல்லை. நாவல், பலா, மா எல்லாம் இந்த ரகம். ஈரம் போனால் கரு செத்துவிடும். அடிவாரத்துக் கொன்றை நேர்மாறு: தோல் கெட்டி, மாதக்கணக்கில் கிடக்கும். (மாசி, பங்குனியில் வறளும் உங்கள் ஏற்காட்டுச் சேர்வராயன் மலை மழைக்காடு அல்ல. ஆனால் மலையின் மேல் மடிப்புகளில் உள்ள சோலை மரங்களில் பலவற்றின் விதைக்கும் இதே குணம்தான்.) பெரிய மழைக்காட்டை மொட்டையடித்தால் தானாகத் திரும்பாததற்கும் இது ஒரு காரணம். பல பெருமரங்களுக்கு மண்ணுக்குள் விதை இருப்பே இருக்காது.

இனி இப்படிச் செய்யுங்கள். நன்றாகப் பழுத்து உதிர்ந்த பழமாகப் பொறுக்கி, அன்றைக்கே தண்ணீரில் பிசைந்து சதையை நீக்குங்கள். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் கூடாது, ஃபிரிட்ஜும் கூடாது. குளிரும் இந்த விதைகளைக் கொல்லும். நிழலில் ஈரச் சாக்கில் வைத்து ஒரு வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள். பையில் செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய எரு 1. விதைக்கு மேல் 2 செ.மீ. மண் போதும். ஒரு நாவல் விதையில் இரண்டு மூன்று கன்று வரும், அது சகஜம். திடமானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம்.

நடுவது அடுத்த வருடம், தென்மேற்கு மழை பிடித்த பிறகு. அதற்குள் அந்த ஏக்கரில் இருக்கும் உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குங்கள். மேலே வெட்டினால் இரண்டு மாதத்தில் தழைத்துக் கன்றை மூடிவிடும். தோட்டத்து சில்வர் ஓக் நாற்று மிச்சமிருக்கிறதே என்று அங்கே கொண்டுபோய் நடாதீர்கள். அது ஆஸ்திரேலியா மரம், மிளகுக் கொடி ஏற்றத்தான் சரி.