கிணற்று அளவீடு கோப்பிலேயே தூங்குதா?

டெல்டாவில் இரண்டு வருடம் கிணறு கிணறாக நீர்மட்டம் அளந்து அறிக்கை கொடுத்தும், பாசன அலுவலகத்தில் யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வயிற்றெரிச்சல் புரிகிறது, எனக்கும் ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது.

ஆனால் "ஆராய்ச்சியை எவனும் மதிக்க மாட்டான்" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2018-இல் உச்ச நீதிமன்றம் தந்த காவிரித் தீர்ப்பைப் பாருங்கள். எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் கர்நாடகம் ஆண்டுக்கு நமக்குத் தரவேண்டிய 192 டிஎம்சி 177.25 ஆனது. குறைந்த 14.75-இல் 10 டிஎம்சி, டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறதே என்ற கணக்கில் போனது. மீதி பெங்களூருக்கு. உங்கள் கிணறுகள் அந்தப் பத்துக்குள்தான் வருகின்றன!

அதனால் அறிக்கையைத் திருப்பி எழுதுங்கள். அரசின் நிலத்தடி நீர் மதிப்பீடு எந்த நிர்வாக அலகு வாரியாக நடக்கிறது என்று பார்த்து, உங்கள் வரைபடத்தையும் அப்படியே பிரியுங்கள். மீட்டரில் சொன்னால் யாருக்கும் உறைக்காது, டிஎம்சியில் சொல்லுங்கள் (1 டிஎம்சி சுமார் 2.83 கோடி கன மீட்டர்). முக்கியமாக, நீர்மட்டம் மட்டும் போதாது, உவர்ப்பையும் அளந்து பாருங்கள். நாகை கடலோரத்தில் கிணறு நிறையத் தண்ணீர் நிற்கும், வாயில் வைக்க முடியாது. அதைப் பாசன நீர்க் கணக்கில் சேர்க்கலாமா என்பதுதான் உங்கள் முதல் பக்கம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே, ஏப்ரலில் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். அதன்பிறகு பொறியாளர் யாரும் நாற்காலியில் இருக்க மாட்டார்.